பாறையைப் பார்த்து ஆளைச் சொல்வது

சீன மலைநீர் ஓவியங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று சொல்பவர்களைக் குறை சொல்ல முடியாது. மலை, மூடுபனி, அருவி, மரத்தடியில் ஒரு குடில், பாலத்தின் மேல் கோலூன்றிய ஒரு கிழவர். இந்தச் சரக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக மாறவில்லை. என்ன வரைந்திருக்கிறார் என்று தேடிக்கொண்டிருக்கும்வரை ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கவும் முடியாது. எப்படி வரைந்திருக்கிறார் என்பதற்கு வாருங்கள். அதிலும் பாறையின் உடம்பை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபான் குவானும் நி ஸானும் ஒரே கலையைச் செய்தவர்கள்தானா என்றே சந்தேகம் வரும்.

பாறைக்கு வெளிவரை போட்ட பிறகு, அதன் மடிப்பு, வெடிப்பு, சொரசொரப்பு ஆகியவற்றைக் காட்ட உள்ளே இடும் தீற்றல்களைச் சீனர்கள் ‘ட்சுன்’ என்பார்கள். வேலை நடக்கும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதலில் வெளிவரை, அடுத்து ட்சுன், பிறகு ஈரம் குறைந்த தூரிகையைப் படுக்கவைத்து இலேசான தேய்ப்பு, அதன்மேல் நீர்த்த மைப்பூச்சு, கடைசியாகப் பாசிக்கும் புதருக்கும் புள்ளிகள். இந்த ஐந்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது இரண்டாவது. மரக்கிளையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இந்தத் தீற்றல் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது? ஊர் மண்தான் காரணம் என்பது வழக்கமான பதில். வடக்கே மொட்டைப் பாறை, தெற்கே ஈரமான மண்குன்று; ஆகவே வடக்கத்தியார் கோடு கடினம், தெற்கத்தியார் கோடு மென்மை. இது பாதி உண்மை. பட்டில் வரைந்தாரா தாளில் வரைந்தாரா, தூரிகையில் எவ்வளவு ஈரம், நுனி நடந்ததா பக்கவாட்டு உரசியதா என்ற மூன்றும் ஊர் மண்ணைவிட அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு நல்ல சாட்சியும் இருக்கிறது. அதற்கு முன் ஃபான் குவான்.

‘மலை ஓடைகளுக்கிடையே பயணிகள்’ என்ற அவருடைய தொங்கு சுருள் ஏறக்குறைய பொ.ஆ. 1000-இல் வரையப்பட்டது. பட்டின் மேல் மையும் சிறிது வண்ணமும். உயரம் 206.3 செ.மீ., அகலம் 103.3 செ.மீ. இப்போது தைப்பே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே மூன்றில் இரண்டு பங்கை ஒரே மலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் அடிவாரத்தைப் பனி தின்றுவிட்டது. கீழே முன்னால் ஒரு பெரும்பாறை. வலது ஓரத்தில் சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வரும் ஆட்கள், எறும்பளவு.

பனிப்பட்டை அங்கே அழகுக்காகப் போடப்பட்டதில்லை. முன்பாறைக்கும் மலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கண் அளக்கத் தொடங்கும் இடத்தை அது வெட்டிவிடுகிறது. அடிவாரம் தெரிந்திருந்தால் மலை ‘அங்கே’ இருந்திருக்கும். தெரியாததால் தலைக்கு மேலேயே நிற்கிறது. மலை பத்தடி என்றால் மரம் ஓரடி, குதிரை ஓரங்குலம், ஆள் அங்குலத்தில் பத்தில் ஒன்று என்று ஓவியர்களிடையே ஒரு பழைய அளவுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கின் பலனைப் பார்க்க இதைவிட நல்ல ஓவியம் இல்லை.

ஃபான் குவான் பாறைமேல் இட்டது ‘மழைத்துளி’த் தீற்றல். நுனியைத் தொட்டு, சற்றே அழுத்தி, இழுக்காமல் உடனே எடுக்கும் குட்டைத் தீற்றல். பார்க்க எளிது. தானே செய்து பார்க்கிறவர்கள் சறுக்கும் இடம் அடர்த்தி. எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் தட்டிக்கொண்டே போனால் மலை தட்டையாகிவிடும். ஃபான் குவானிடம் பிளவை ஒட்டி நெருக்கம், முகட்டின் வெளிச்ச முகத்தில் இடைவெளி. ஒவ்வொரு பாறைமுகத்திலும் தீற்றல்கள் அந்த முகத்தின் சரிவைப் பின்பற்றித் திரும்புகின்றன. உச்சியில் கட்டைப் புதர்கள் நெருக்கிக் குத்தப்பட்டிருக்கும். அதுவும் அவர் கையொப்பம் மாதிரிதான். உண்மையான கையொப்பத்தை 1958 வரை யாரும் கவனிக்கவில்லை. கழுதைகளுக்குப் பின்னாலுள்ள இலைக்கொத்துக்குள் ஒளிந்திருந்த ‘ஃபான் குவான்’ என்ற எழுத்துகளை அந்த ஆண்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லி லின்ட்சான் கண்டுபிடித்தார்.

இனி அந்தச் சாட்சி. குவோ ஷியும் லி தாங்கும் ஒரே ஊர்ப்பக்கத்தவர்கள்: மஞ்சளாற்றுக் கரையோரம், இன்றைய ஹெனான் மாகாணத்திலுள்ள ஹெயாங். இருவரும் தலைநகர் கைஃபெங்கில் வட சோங் அரசமரபுப் (960–1127) பேரரசர்களின் அவையில் வேலை பார்த்தவர்கள். இருவரும் பட்டில் வரைந்தார்கள். குவோ ஷியின் ‘இளவேனில் தொடக்கம்’ 1072-ஆம் ஆண்டுக்குரியது, 158.3 × 108.1 செ.மீ. லி தாங்கின் ‘பதினாயிரம் பள்ளத்தாக்குகளில் பைன் காற்று’ 1124, 188.7 × 139.8 செ.மீ. இரண்டிலும் ஓவியர் தாமே ஆண்டு குறித்திருக்கிறார். லி தாங் தம் பெயரைத் தூரத்து ஊசிமுகடு ஒன்றின்மேல் எழுதி வைத்திருக்கிறார். ஒரே மண், ஒரே வேலை, ஒரே பட்டு, 52 ஆண்டு இடைவெளி. பாறைகளுக்கிடையே ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குவோ ஷியின் பாறை வீங்கி, சுருண்டு, மேகம்போல எழுகிறது. அதனால்தான் அதற்கு ‘சுருள்மேக’த் தீற்றல் என்று பெயர். நீர்த்த மையில் தோய்ந்த தூரிகை, அகலமான தடுமாறும் வெளிவரை, ஒரு பூச்சு முழுக்கக் காயும் முன் அடுத்த பூச்சு. தனித்தனித் தீற்றல்கள் ஒன்றில் ஒன்று கரைந்து, எங்கே கோடு முடிந்தது எங்கே நிழல் தொடங்கியது என்று பிரிக்க முடியாதபடி ஆகிவிடுகிறது. மரக்கிளைகளின் நுனிகள் கீழ்நோக்கி வளைந்து கொக்கியிடும். இதை ‘நண்டுக்கால்’ கிளை என்பார்கள். லி செங் என்ற முன்னோடியிடமிருந்து வந்த பழக்கம். ஒரு சீன ஓவியத்தில் சுருள்மேகப் பாறையும் நண்டுக்கால் கிளையும் சேர்ந்து வந்தால், வரைந்தவர் குவோ ஷி இல்லையென்றாலும் அவர் பள்ளியைப் பார்த்துப் பழகியவர் என்று துணிந்து சொல்லலாம்.

குவோ ஷி சொன்னவற்றை அவர் மகன் குவோ ஸ தொகுத்து வைத்தார். அதில் வரும் மூன்று தொலைவுகள்தான் இன்றைக்கும் இந்த ஓவியங்களைப் படிக்கக் கைக்கு உதவும் கருவி. அடிவாரத்திலிருந்து உச்சியை அண்ணாந்து பார்ப்பது உயர்தொலைவு. மலையின் முன்பக்கத்திலிருந்து பின்மலைகளுக்குள் எட்டிப் பார்ப்பது ஆழ்தொலைவு. அருகிலுள்ள குன்றிலிருந்து தூரத்துக் குன்றுகளைச் சமமாகப் பார்ப்பது சமதொலைவு. ‘இளவேனில் தொடக்க’த்தில் மூன்றும் உண்டு: நடுவே உயர்ந்து நிற்கும் முகடு, வலப்பக்கம் கட்டடங்கள் ஒளிந்திருக்கும் மலையிடுக்கு, இடப்பக்கம் நீண்டு மறையும் பள்ளத்தாக்கு. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் இந்த மூன்றும் ஒருசேரத் தெரியாது. ஆனால் ஓவியம் கேட்பது அதை இல்லை. நடக்கலாம், பார்க்கலாம், சுற்றலாம், குடியிருக்கலாம் என்ற நான்கும் அமைந்ததே நல்ல மலைநீர் என்பது அவர் கட்சி. குடியிருக்கலாம், சுற்றலாம் என்ற இரண்டுக்கும் அவர் கூடுதல் மதிப்பு கொடுத்தார்.

லி தாங் இதையெல்லாம் நெருக்கிச் சுருக்கிவிட்டார். அவர் மலை நம்மை நோக்கி முன்னே நகர்ந்து வருகிறது. பாறை பாளம் பாளமாக உடைகிறது. ‘கோடரி வெட்டு’த் தீற்றல். தூரிகையைச் சாய்த்து, பக்கவாட்டை அழுத்திப் பதித்து, விசையோடு இழுத்து எடுப்பது. தொடங்கும் இடம் அகலமும் கருப்புமாக இருக்கும், முடியும் இடம் கிழிந்து வெளிறும். இதற்கு விறைப்பான மயிர்த் தூரிகை வேண்டும். மரநாய் இன மயிரில் செய்தது பொருந்தும். ஆட்டுமயிர்த் தூரிகை வளைந்து கொடுத்து வெட்டை மழுக்கிவிடும். தோய்த்தபின் துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு முனை கசிந்து சேறாகும். எல்லா வெட்டுகளும் ஒரே கோணத்தில், ஒரே நீளத்தில் விழுந்தால் பாறை செதிலாகிவிடும். லி தாங் அகலமான வெட்டையும் குட்டையான வெட்டையும் கலந்து, பாறை உடையும் தளத்துக்குத் தளம் கோணத்தை மாற்றிக்கொண்டே போகிறார்.

பட்டுக்கு இங்கே ஒரு பங்கு உண்டு. வரைவதற்கான பட்டில் விலங்குப் பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பூசி, இழைகளின் துளையை அடைப்பார்கள். மை உள்ளே இறங்காமல் மேலே நிற்கும். அதனால் குவோ ஷிக்குப் பூச்சின்மேல் பூச்சு ஏற்ற நேரம் கிடைத்தது. லி தாங்குக்கு வெட்டின் விளிம்பு கூராக நின்றது. படிகாரம் கூடிப்போனால் பரப்பில் வெண்பூச்சாகப் படிந்து மை ஒட்டாமல் நழுவும். நாளடைவில் இழையும் நொறுங்கும். பசை குறைந்தால் ஈரம் பொட்டுப் பொட்டாகக் கசியும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பழம்பட்டு பழுப்பாகக் கறுத்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் ஃபான் குவானின் இருள் முழுக்க அவர் வைத்த இருள் இல்லை. நிறம், தொனி இரண்டையும் வைத்து ஒரு சோங் ஓவியரை எடைபோடுவது ஆபத்து. தீற்றலின் வடிவத்தை நம்பலாம்.

1127-இல் கைஃபெங் வடக்கிலிருந்து படையெடுத்து வந்த ஜுர்சென் இனத்தவரிடம் வீழ்ந்தது. அரசவை தெற்கே ஹாங்ஜோவுக்குப் போனது. லி தாங்கும் போனார். அவருடைய கோடரி வெட்டு அங்கே மா யுவான், ஷியா குய் ஆகிய இருவரிடம் வந்து சேர்ந்தது. மலை முழுக்க வரையும் பழக்கம் போய், ஒரு மூலையில் ஒரு பாறை, அதிலிருந்து கோணலாக நீளும் ஒரு பைன் கிளை, எதிரே வெறும் பரப்பு என்றானது. ‘ஒருமூலை மா, ஒருபாதி ஷியா’ என்று பட்டப்பெயர். பாதி நாட்டை இழந்த அரசின் துயரம்தான் இந்தப் பாதி மலை என்று பின்னால் வந்தவர்கள் பொருள் சொன்னார்கள். எனக்கு இது அவ்வளவு ஒப்பவில்லை. இந்த ஓவியங்களில் பெரும்பகுதி ஏட்டுத்தாள்களும் வட்ட விசிறிகளும், கையளவுப் பரப்பு. அதில் ஃபான் குவான் மலையை அடைத்தால் தீற்றலே தெரியாது. அளவு சுருங்கியதும் அமைப்பு மூலைக்குப் போனது என்பது துயரத்தைவிட எளிய காரணம்.

இருவரையும் ஒருவரிடமிருந்து ஒருவர் பிரிப்பது அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பதைவிடக் கடினம். மா யுவானின் வெட்டு காய்ந்தது, பளிச்சென்றது. கிளைகள் முறுக்கிக் கோணி நீளும். ஆட்கள் துலங்கும் கோட்டில் வரையப்பட்டு, எதையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஷியா குய் வெட்டி முடித்த கையோடு, மை காயும் முன் நீர் தோய்ந்த தூரிகையால் இழுத்துவிடுவார். வெட்டின் விளிம்பு கரையும். ஆட்கள் நாலைந்து கீறலில் முடிந்துவிடுவார்கள். ‘தூய தொலைவில் ஓடைகளும் மலைகளும்’ என்ற அவருடைய கைச்சுருள் தாளில் வரைந்தது, உயரம் 46.5 செ.மீ., நீளமோ 889.1 செ.மீ. அதை வலமிருந்து இடமாகக் கையகலம் கையகலமாக விரித்துப் பார்க்க வேண்டும். ஒரே புகைப்படமாகச் சுருக்கிப் பார்த்தால் சாம்பல் நிறக் கீற்று ஒன்றுதான் தெரியும்.

தெற்கின் இன்னொரு மரபு இவர்களுக்கு இரண்டு நூற்றாண்டு முந்தியது. பத்தாம் நூற்றாண்டில் நான்ஜிங்கில் தென் தாங் அரசில் இருந்த டோங் யுவான், அவர் வழிவந்த ஜூரான் என்ற துறவி. இங்கே ஊர் மண் உண்மையாகவே பேசுகிறது: தாழ்ந்த, உருண்ட, செடி மூடிய குன்றுகள். தீற்றல் ‘சணல்நார்’. தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, நுனி கோட்டின் நடுவிலேயே செல்லும்படி, முகட்டிலிருந்து அடிவாரத்துக்கு நீளமாக இறங்கும் மெல்லிய வளைகோடுகள். வெளிறிய மையில் ஒரு சுற்று, காய்ந்தபின் சற்றுக் கருமையில் இன்னொரு சுற்று. கோடுகள் ஒன்றையொன்று உரசலாம். குறுக்கே வெட்டக்கூடாது, வெட்டினால் வலை பின்னியதாகிவிடும். எல்லாம் ஒரே நீளத்தில் இறங்கினால் மலை சீப்பால் வாரிவிட்டதுபோல ஆகும். புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். தீர்வு எளிது: ஒவ்வொரு கோட்டையும் வேறு உயரத்தில் தொடங்க வேண்டும், கோட்டுக்கு நடுவே அழுத்தத்தை ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

ஜூரானை அவர் ஆசானிடமிருந்து பிரிக்க உச்சியைப் பாருங்கள். முகட்டில் கொத்துக் கொத்தாகத் தீற்றல் இல்லாத வெளிர் உருண்டைக் கற்கள் இருக்கும். படிகாரக் கட்டிபோலத் தெரிவதால் ‘படிகாரத் தலை’ என்று பெயர். தைப்பேயிலுள்ள ‘இலையுதிர் மலையில் நெறி வினவல்’ நல்ல எடுத்துக்காட்டு. டோங் யுவான் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தின் ‘ஷியாவ்-ஷியாங்’ சுருள் அவருடையது என்று அடையாளம் சொல்லி அந்தப் பெயரை வைத்தவரே ஆறு நூற்றாண்டு பின்னால் வந்த ஓவியரும் விமர்சகருமான டோங் சிச்சாங். ஆனால் பதினோராம் நூற்றாண்டின் அறிஞர் ஷென் குவோ ஒரு பயனுள்ள குறிப்பு விட்டுப் போயிருக்கிறார்: டோங் யுவான், ஜூரான் இருவர் தூரிகையும் மிகக் கரடானது, கிட்டப் போனால் உருவமே தெரியாது, விலகி நின்றால் காட்சி துலங்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதானா’ என்று மூடிவிடுகிறவர்களுக்கு இது மருந்து.

மி ஃபுவும் அவர் மகன் மி யோரெனும் சணல்நாரையும் விட்டுவிட்டார்கள். தூரிகையைப் படுக்கவைத்து கிடைமட்டமாகப் பதிக்கும் ஈரப் புள்ளிகளின் அடுக்கு, அதுதான் மலை. மி ஃபுவின் கைப்பட்டதென்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மலைநீர் ஓவியம் எதுவும் மிஞ்சவில்லை; மகனுடையது, 1130-ஆம் ஆண்டின் ‘மேக மலைகள்’, கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் அடுக்கு முக்கால்வாசி காய்ந்ததும் அடுத்த அடுக்கு விழவேண்டும். முந்தினால் எல்லாம் குளமாகும், பிந்தினால் புள்ளிகள் தனித்தனியாக எட்டிப்பார்க்கும்.

மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்துக்கு (1271–1368) வந்தால் பரப்பே மாறிவிடுகிறது. அரசவை ஓவியர்களின் இடத்தைப் படித்த வர்க்கம் எடுத்துக்கொண்டது; அவர்கள் எழுதிப் பழகிய தாளிலேயே வரைந்தார்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும், தூரிகையின் தயக்கத்தையும் வேகத்தையும் அப்படியே பிடித்துவைக்கும். பசையும் படிகாரமும் ஏற்றாத தாளில் குவோ ஷியின் பூச்சுகளைச் செய்யப் பார்த்தால் மூன்றாவது அடுக்கில் நார் எழும்பிவிடும். காய்ந்த தூரிகையோ தாளின் சொரசொரப்பில் சிக்கித் துண்டு துண்டாக வெண்மை விட்டுப் போகும். பட்டில் அந்த அழகு வராது. யுவான் காலத் தீற்றல்களின் காய்ந்த தன்மைக்கு மனநிலையைக் காரணம் சொல்லும் முன் தாளைக் காரணம் சொல்ல வேண்டும்.

இந்தக் காலத்தின் வாசலில் நிற்பவர் ஜாவ் மெங்ஃபு. 1296-இன் ‘சுவே, ஹுவா மலைகளில் இலையுதிர் நிறங்கள்’ சுருளில் ஜினான் நகரருகே உள்ள இரு குன்றுகளை வரைந்தார். கூர்முக்கோணமான ஹுவா மலைக்குத் தாமரை இலை நரம்புபோல மேலிருந்து பிரியும் தீற்றல், உருண்டையான சுவே மலைக்குச் சணல்நார். ஒரே கை, ஒரே தாள், ஒரே நாள் வெளிச்சம், இரண்டு தீற்றல். அந்த ஊரைப் பூர்வீகமாகக் கொண்டு, அதைக் கண்ணால் பார்த்திராத நண்பர் ஜோவ் மிக்காக வரைந்தது.

ஹுவாங் கோங்வாங்கின் ‘ஃபுசுன் மலைகளில் குடியிருப்பு’ பற்றிப் பேசாமல் இந்தப் பக்கத்தைக் கடக்க முடியாது. 1347-இல் தொடங்கினார். 1350-இல் எழுதிய குறிப்பில் மூன்று நான்கு ஆண்டாகியும் முடியவில்லை என்கிறார். சுருளை மலைவீட்டிலேயே விட்டுவிட்டு வெளியே அலைந்ததால் வந்த தாமதம். யாராவது தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று பயந்த துறவி நண்பர் வூயோங், முடியும் முன்பே இது தனக்குரியது என்று எழுதி வாங்கிக்கொண்டார். தீற்றல் டோங் யுவானின் சணல்நாரேதான், ஆனால் உலர்ந்து, தளர்ந்து, இடைவெளி விட்டது. சில இடங்களில் வெளிறிய முதல் வரைவின் மேல் கருமையான திருத்தம் விழுந்திருப்பது தெரியும். மறைக்க அவர் முயலவில்லை. நல்ல காட்சி கண்டால் உடனே குறித்துக்கொள்ளத் தோல்பையில் தூரிகை வைத்திருங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னவரும் இவர்தான்.

1650-இல் அதன் சொந்தக்காரர் வூ ஹோங்யு சாகும் தறுவாயில் சுருளைத் தன்னோடு எடுத்துச்செல்ல நெருப்பிலிட்டார். அண்ணன் மகன் வேறொரு சுருளைப் போட்டு இதை இழுத்தெடுத்தான். தொடக்கப் பகுதி எரிந்து, சுருள் இரண்டானது. 51.4 செ.மீ. துண்டு ஹாங்ஜோவில் ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்தில், 636.9 செ.மீ. தைப்பேயில். 2011-இல் தைப்பேயில் இரண்டையும் சேர்த்து வைத்துக் காட்டினார்கள்.

இதில் தரம் பிரிக்கும் பாடம் ஒன்று உண்டு. 1745-இல் பேரரசர் சியான்லோங்குக்கு இதே ஓவியத்தின் நகல் ஒன்று கிடைத்தது. அதை அசல் என்று நம்பி 50-க்கும் மேற்பட்ட குறிப்புகளை அதன் வெற்றிடமெல்லாம் எழுதித் தள்ளினார். மறு ஆண்டே அசல் வந்தது. அதை நகல் என்று முடிவு கட்டினார். அசல் சுத்தமாகத் தப்பியது அந்தத் தவறால்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தீற்றல் சொல்லிவிடும்: அசலில் கோடுகள் நீளத்திலும் ஈரத்திலும் ஒன்றுபோல் ஒன்று இல்லை, நகலில் பழகிய கோடு திரும்பத் திரும்ப வருகிறது. நகல் செய்பவர் கோட்டின் வடிவத்தைப் பிடித்துவிடலாம். அதன் தாறுமாறைப் பிடிப்பது கடினம்.

நி ஸான், வாங் மெங் இருவரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆளுக்கு ஓர் ஓவியம் எடுத்துக்கொள்வோம்: இரண்டும் தாள், இரண்டும் மை, ஆறு ஆண்டு இடைவெளி, டாய் ஏரியைச் சுற்றிய அதே நிலப்பகுதி. ஊர் மண் வாதத்துக்கு இது இரண்டாவது அடி. நி ஸானின் ‘ரோங்ஷி குடில்’, 1372: 74.7 × 35.5 செ.மீ. கீழே ஒரு கரை, சில மெலிந்த மரங்கள், ஆளில்லாத ஒரு குடில். நடுவே தொடப்படாத தாள், அதுவே நீர். மேலே தாழ்ந்த குன்று. தீற்றல் ‘மடித்த நாடா’: தூரிகையைச் சாய்த்து, கிடைமட்டமாகக் கொஞ்சம் இழுத்து, நிறுத்தாமல் சட்டென்று கீழே திருப்புவது. தூரிகையில் மை இருக்கிறதா என்றே சந்தேகம் வருமளவு உலர்ச்சி. பாவனை செய்பவர்கள் பெரும்பாலும் அழுத்திவிடுகிறார்கள். அவருடையதில் தூரிகை தாளைத் தொட்டும் தொடாமலும் போகிறது; திரும்பும் முனையில் மட்டுமே எடை. போலிகள் நிறைந்த பெயர் இவருடையது, ஏனென்றால் அமைப்பு மிக எளிது. மரத்தையும் குடிலையும் யாரும் வைத்துவிடலாம்.

வாங் மெங்கின் ‘சிங்பியான் மலைகளில் குடியிருப்பு’, 1366, ஷாங்காய் அருங்காட்சியகம்: 140.6 × 42.2 செ.மீ. குறுகிய உயரத்தில் மலை முறுக்கிக்கொண்டு ஏறுகிறது. மூச்சு விட இடமில்லை. ‘மாட்டு மயிர்’த் தீற்றலும் ‘அவிழ்ந்த கயிறு’த் தீற்றலும் கலந்தது. குட்டையான, நெளியும், சுருளும் கோடுகள். வெளிறியதிலிருந்து கருமைக்கு அடுக்கடுக்காக ஏறும். கடைசியில் காய்ந்த கரும்புள்ளிகள். இதைச் செய்கிறவர்கள் மலையை மொத்தமாகக் கறுப்பாக்கிவிடுவார்கள். வாங் மெங்கில் அடுக்குகளுக்கு நடுவே முகட்டின் ஓரமாக வெளிர் நரம்பு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். முறுக்கு தெரிவது அதனால்தான். அது மூடிப்போனால் மலை நின்றுவிடும். இவர் ஜாவ் மெங்ஃபுவின் மகள் வழிப் பேரன். யுவானுக்கு அடுத்து வந்த மிங் ஆட்சியின் (1368–1644) தொடக்கத்தில், அமைச்சர் ஹு வெய்யோங் சதி வழக்கில் சிக்கி 1385-இல் சிறையில் இறந்தார்.

இதற்குப் பின் ஒரு சிக்கல் தொடங்குகிறது. மிங் காலத்திலிருந்து ஓவியர்கள் முன்னோர் கையை வேண்டுமென்றே எடுத்து ஆள்கிறார்கள். ஷென் ஜோவ் தம் ஆசானின் எழுபதாம் பிறந்தநாளுக்காக 1467-இல் வரைந்த ‘உயர்ந்த லு மலை’ முழுக்க வாங் மெங் கை. ஆனால் ஷென் ஜோவின் கோடு தடித்தது, நிதானமானது, நெளிவு குறைந்தது. டோங் சிச்சாங் 1617-இல் சிங்பியான் மலையையே வரைந்து, டோங் யுவானைப் பின்பற்றியதாக எழுதினார். வாங் மெங்கின் மலைக்குப் பக்கத்தில் வைத்தால் வேடிக்கை தெரியும்: பாறைகள் சாய்ந்த பாளங்களாக, கருமை வெண்மை மாறி மாறி, எந்த மலையிலும் இல்லாத கோணங்களில் நிற்கின்றன. மண்ணைப் பார்த்து வரைந்தது இல்லை, ஓவியங்களைப் பார்த்து வரைந்தது.

ஓவியர்களை வடக்குப் பள்ளி, தெற்குப் பள்ளி என்று பிரித்ததும் டோங் சிச்சாங் வட்டம்தான். வடக்கு, தெற்கு என்பது பிறந்த ஊர் இல்லை; சான் (ஜப்பானில் ஜென்) பௌத்தப் பிரிவுகளிடமிருந்து கடன் வாங்கியது. சணல்நார் வழியினர் தெற்கு, கோடரி வெட்டுக்காரர்கள் வடக்கு; ஹாங்ஜோவிலேயே வேலை பார்த்த மா யுவானும் ஷியா குய்யும் ‘வடக்கு’. பின்னால் வந்த சேகரிப்பாளர்கள் எதை மதித்தார்கள், எதைப் புறக்கணித்தார்கள் என்று புரிந்துகொள்ள இந்தப் பிரிவு உதவும். ஓவியத்தைப் பார்க்க உதவாது.

மிங்குக்கு அடுத்த சிங் காலத்தில் (1644–1912) மூவர் போதும். ஹோங்ரென் ஹுவாங்ஷான் மலையின் கருங்கல் வெடிப்புகளை வெறும் வெளிவரையாகவே விட்டார். நி ஸானின் உலர்ச்சி, ஆனால் கோணம் கூர்மை, ட்சுன் ஏறக்குறைய இல்லை. நான்ஜிங்கின் கோங் ஷியான் நேர்மாறு: புள்ளியின்மேல் புள்ளியாக மையைக் குவித்து, வெளிவரை மூழ்கும்வரை கருமையேற்றினார், சூரிச் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தின் ‘ஆயிரம் சிகரங்கள், பதினாயிரம் பள்ளங்கள்’ அதன் உச்சம். ஷிதாவ் எந்தத் தீற்றலிலும் நிற்கமாட்டார். 1685-இன் ‘பதினாயிரம் அவலட்சண மைப்புள்ளிகள்’ சூஜோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பாறைக்கு முன்பே புள்ளி விழுந்துவிட்டதோ என்று தோன்றும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: தைப்பே அருங்காட்சியகம் தன் ஓவியங்களின் உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. முதலில் முழுப்படம், பிறகு பாறை ஒன்றில் தீற்றல் தனித்தனியாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். டோங் யுவான், ஜூரான் என்றால் திரும்பச் சுருக்குங்கள். ஒப்பிடத் தொடங்க நல்ல இணைகள் மேலே சொன்ன இரண்டு: குவோ ஷி–லி தாங், நி ஸான்–வாங் மெங். நேரில் போவதாக இருந்தால் பயணச்சீட்டு எடுக்கும் முன் காட்சிப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஃபான் குவான், குவோ ஷி, லி தாங் மூவரின் அந்தப் பெருஞ்சுருள்களும் வெளிச்சத்தில் பட்டு கெடுமென்பதால் சில வாரமே வெளியே வரும். பின் ஆண்டுக்கணக்கில் உள்ளே போய்விடும்.